கடைசி சென்சாருக்குப் பின்னால்: புதுக் காரின் எக்ஸாஸ்ட் மாற்றமும் வாரண்டியும்

காரும் கேள்வியும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் என்ஜின் கொண்ட ஒரு கார். கியர்பாக்ஸ் ஆறு வேக மேனுவல். வாங்கி ஏழு மாதம் ஆகிறது, ஓடியது 6,200 கி.மீ. வாரண்டி 3 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ., எது முந்துகிறதோ அது. எந்த ஒரு நிறுவனத்தின் காரையும் இது குறிக்கவில்லை. இன்று பரவலாக ஓடும் அமைப்பை வைத்து இந்த நிகழ்வை ஒரு மாதிரியாக அமைத்திருக்கிறோம். இதே வகை என்ஜின் உள்ள எந்தக் காருக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம்.

உரிமையாளருக்கு வேண்டியவை இரண்டு: கொஞ்சம் கனமான ஓசை, முடிந்தால் கொஞ்சம் கூடுதல் இழுவை. மீதமிருக்கும் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு வாரண்டியையும் இழக்கக் கூடாது.

"சைலன்சரை மாற்றினால் வாரண்டி போய்விடுமா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கிடையாது. நாளை எந்தப் பாகம் பழுதாகும், அந்தப் பழுதை இந்த மாற்றத்தோடு முடிச்சுப் போட முடியுமா, முடியாது என்று காட்டும் ஆதாரம் யார் கையில் இருக்கிறது? இந்த மூன்றையும் கேட்டால்தான் விடை வரும்.

குழாயின் வரிசை

என்ஜினிலிருந்து பின்பக்கம் போகப் போக வரிசை இப்படி அமைகிறது. முதலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. இப்போதைய பல என்ஜின்களில் இது சிலிண்டர் ஹெட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். அதை ஒட்டி டர்போ: வெளியேறும் வாயுவால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அமுக்கும் கருவி. டர்போவின் வாயிலேயே, புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். அது சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காக இவ்வளவு அருகில் வைக்கிறார்கள். ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வந்த பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும். அதற்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. சில கார்களில் இதையடுத்துப் பெட்ரோல் துகள் வடிகட்டியும் அதன் இரு பக்க அழுத்தத்தை ஒப்பிடும் சென்சாரும் இருக்கும். பிறகு ஃபிளெக்ஸ் பைப் (வளைந்து கொடுக்கும் பின்னல் குழாய்), நடுவில் ரெசோனேட்டர் (குறிப்பிட்ட சுருதி இரைச்சலை அடக்கும் அறை), கடைசியில் சைலன்சர், வால் குழாய்.

முன் சென்சார் காற்று–எரிபொருள் விகிதத்தைச் சொல்கிறது. என்ஜினை இயக்கும் கணினியான இசியூ அதை வைத்துத்தான் எரிபொருளின் அளவைத் திருத்துகிறது. பின் சென்சாரின் முதல் வேலை கன்வெர்ட்டரைக் கண்காணிப்பது. கன்வெர்ட்டர் ஒழுங்காக ஆக்சிஜனைப் பிடித்து வைத்து விடுவித்தால் பின் சென்சாரின் அளவீடு அமைதியாக இருக்கும். அது துள்ளத் தொடங்கினால் கன்வெர்ட்டர் சோர்ந்துவிட்டது என்று இசியூ முடிவெடுத்து, பி0420 குறியீட்டைப் பதிந்து செக் என்ஜின் விளக்கை எரியவிடும்.

இந்த ஆய்வு முழுவதற்கும் எல்லைக்கோடு இந்தப் பின் சென்சார்தான். துகள் வடிகட்டி உள்ள காரில் அதன் அழுத்த சென்சார். கோட்டுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஓசைக்கான சாமான். கோட்டுக்கு முன்னால் இருப்பதெல்லாம் என்ஜினின் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் அடங்கியது. அங்கே கை வைப்பது என்ஜினிலேயே கை வைப்பதற்குச் சமம்.

முன்னால் இருந்த வழிகள்

முதல் வழி ஆக்சில்-பேக்: பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் சைலன்சரையும் வால் குழாயையும் மட்டும் மாற்றுவது. ஓசை மாறும். சக்தி அதிகரிக்காது; அதிகரித்ததாக டைனோ (சக்தி அளக்கும் கருவி) காட்டினாலும், ஒரே காரை அடுத்தடுத்து இரண்டு முறை ஏற்றினாலே வரும் வித்தியாசத்துக்குள் அது அடங்கிவிடும்.

இரண்டாவது கேட்-பேக்: கன்வெர்ட்டருக்குப் பின்னாலுள்ள குழாய் முழுவதையும், ரெசோனேட்டர் உட்பட, மாற்றுவது. கடைகளில் இதற்குச் சொல்லப்படும் குதிரைசக்தி எண்களைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைக் குழாயின் உள்விட்டம் 48 மி.மீ., மாற்றுக் குழாயினுடையது 60.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 59 சதவீதம் கூடுகிறது. உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் டர்போ பெட்ரோல் காரில் அழுத்த இழப்பின் பெரும்பகுதி நேர்க்குழாயில் இல்லை. கன்வெர்ட்டர், துகள் வடிகட்டி, சைலன்சரின் உள் அறைகள் ஆகியவற்றில்தான் இருக்கிறது. தவிர, இசியூ ஒரு குறிப்பிட்ட டார்க்கை (சுழற்று விசையை) குறிவைத்து வேஸ்ட்கேட்டை, அதாவது உபரி வாயு டர்போவைச் சுற்றிப் போக விடும் கதவை, இயக்குகிறது. பின்பக்கம் வழி எளிதானால் அது வேஸ்ட்கேட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து அதே பழைய பூஸ்டுக்கு (டர்போ தரும் காற்றழுத்தத்துக்கு) வந்து நிற்கும். டர்போ கொஞ்சம் சீக்கிரம் விழித்துக்கொள்வது போன்ற உணர்வு கிடைக்கலாம். ரீமேப் (இசியூவின் மென்பொருளை மாற்றி எழுதுவது) இல்லாமல் அதற்கு மேல் எதிர்பார்ப்பது வீண்.

"என்ஜினுக்குப் பேக் பிரஷர் (வெளியேறும் வாயுவுக்குக் குழாய் தரும் எதிர் அழுத்தம்) வேண்டும்" என்று சொல்லப்படுவதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எந்த என்ஜினுக்கும் அது வேண்டியதில்லை. டர்போ இல்லாத என்ஜினுக்கு வேண்டியது வாயுவின் வேகம்; குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கான சுற்று குறைவாக இருக்கும்போது) இழுவை போகும். டர்போவுக்குப் பின்னால் அந்தக் கவலை பெரிதாக இல்லை.

மூன்றாவது டவுன்பைப்: டர்போவின் வாயிலிருந்து இறங்கும் குழாயையும், அதிலுள்ள கன்வெர்ட்டரையும் மாற்றுவது அல்லது நீக்குவது. சக்திக்கான உண்மையான கதவு இதுதான் என்பதை மறுப்பதற்கில்லை. வாரண்டி, புகைச் சோதனை, சட்டம் மூன்றும் ஒரே இடத்தில் மோதுவதும் இங்கேதான்.

நான்காவது, இவற்றோடு ரீமேப்.

வாரண்டித் தாளில் இருப்பது

"வாரண்டி" என்ற ஒரு சொல்லுக்குள் பல தனித்தனிக் காப்புகள் இருக்கின்றன. பொதுக் காப்பு, என்ஜின்–கியர்பாக்ஸ் காப்பு, புகை சார்ந்த பாகங்களின் காப்பு, துரு அரிப்புக் காப்பு, பிறகு காசு கொடுத்து நீட்டித்துக்கொண்ட காப்பு. ஒவ்வொன்றுக்கும் விலக்குப் பட்டியல் வேறு. நீட்டித்த காப்பின் வாசகம்தான் பொதுவாக மிகவும் கறாராக இருக்கும். சிலவற்றில் "எந்த மாற்றம் செய்திருந்தாலும் செல்லாது" என்றே எழுதியிருக்கும். அது கார் நிறுவனத்தின் வாரண்டியாக இல்லாமல் ஒரு தனி ஒப்பந்தமாகவும் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

பெரும்பாலான நிறுவனங்களின் வாசகத்தில் அடிப்படை இதுதான்: மாற்றிப் பொருத்திய பாகத்துக்குக் காப்பு இல்லை, அந்தப் பாகத்தால் விளைந்த சேதத்துக்கும் காப்பு இல்லை. அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையே வாங்கினால்தான் வாரண்டி என்று நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. இதை "எதை மாட்டினாலும் வாரண்டி நிற்கும்" என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மாற்றிய பாகமே பழுதுக்குக் காரணம் என்றால், அந்தச் சட்டமும் நிறுவனத்தைச் செலவு ஏற்கச் சொல்வதில்லை. அதே நாட்டில் கன்வெர்ட்டருக்கும் இசியூவுக்கும் 8 ஆண்டு அல்லது 80,000 மைல் புகைக் காப்பு கட்டாயம் என்பதும் கவனிக்கத்தக்கது. பொதுக் காப்பு முடிந்த பிறகும் அந்த இரண்டு பாகங்களும் காப்பில் இருக்கின்றன என்றால், டவுன்பைப் மாற்றுகிறவர் விட்டுக்கொடுப்பது மூன்று ஆண்டை அல்ல, எட்டு ஆண்டை. வேறு நாடுகளில் இந்தக் காலக்கெடு மாறும். தன் காரின் தாளில் புகைக் காப்புக்குத் தனிக் காலம் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

சைலன்சருக்கும் கன்வெர்ட்டருக்கும் ஐ.நா.வின் வாகன விதிகளில் தனித்தனி ஒப்புதல் இருக்கிறது: மாற்றுச் சைலன்சருக்கு விதி 59, மாற்றுக் கன்வெர்ட்டருக்கு விதி 103. ஒப்புதல் பெற்ற பாகத்தின் உடலில் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஒப்புதல் தந்த நாட்டின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒட்டுத்தாளாக இருந்தால் ஏற்க வேண்டாம். இந்த முத்திரை வாரண்டியைக் காப்பாற்றாது. ஆனால் "இந்தப் பாகம் அளவுகோலுக்குள் செய்யப்பட்டது" என்ற வாதத்துக்கு அதுதான் தொடக்கம்.

மூன்று பழுதுகளை வைத்து ஒரு சோதனை

காரில் பின்னாளில் வரக்கூடிய மூன்று பழுதுகளை எடுத்து, மேலே சொன்ன வழிகளில் ஒவ்வொன்றிலும் அது எப்படித் தீரும் என்று பார்த்தோம்.

*பி0420, 22,000 கி.மீ.* செக் என்ஜின் விளக்கு எரிகிறது. சர்வீஸ் சென்டர் முதலில் குறியீடு பதிவான கணத்தின் தரவைப் பார்க்கும்: எந்த ஆர்பிஎம், என்ன வெப்பம், ஃப்யூயல் ட்ரிம் (இசியூ எரிபொருளில் செய்யும் கூட்டல் கழித்தல் திருத்தம்) எவ்வளவு. அடுத்தது கசிவுச் சோதனை. ஆக்சில்-பேக் மட்டும் மாற்றிய காரில், வெட்டிய இடம் பின் சென்சாரிலிருந்து இரண்டு மீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இதோடு அதைத் தொடர்புபடுத்த வழியே இல்லை. கேட்-பேக் காரில் நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. அதன் முன் ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) பின் சென்சாருக்கு மிக அருகில் வரலாம். எக்ஸாஸ்ட் வாயு ஒரே சீராகப் போவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. இரண்டு துடிப்புகளுக்கு இடையே குழாயின் அழுத்தம் வெளிக் காற்றைவிடக் குறையும் கணங்கள் உண்டு. அந்தக் கணத்தில் கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே ஏறும். கார் நிற்க, என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும் ஐடிலில் இது அதிகம். சென்சார் அந்தக் காற்றின் ஆக்சிஜனையும் சேர்த்துப் படித்துவிடும். ஆகவே கன்வெர்ட்டர் உண்மையிலேயே குறையுள்ளதாக இருந்தாலும், ஃபிளேஞ்சில் கசிவு தெரிந்தால் "முதலில் அதைச் சரிசெய்து வாருங்கள்" என்ற பதில்தான் வரும். அது நியாயமான பதிலும்கூட. டவுன்பைப் மாற்றிய காரில் பேச ஒன்றுமில்லை: கன்வெர்ட்டரே நிறுவனத்தினுடையது அல்ல.

கசிவு முன் சென்சாருக்கும் முன்னால் இருந்தால் சேதம் இன்னும் ஆழமானது. சென்சார் எரிபொருள் குறைவு என்று பொய் சொல்லும். இசியூ எரிபொருளைக் கூட்டிக்கொண்டே போகும். ஃப்யூயல் ட்ரிம் வழக்கமாகக் கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டியது, 10-ஐத் தாண்டி 20-ஐ நெருங்கும்போது, எரிபொருள் குறைவு என்று சொல்லும் பி0171 குறியீடு பதிவாகலாம். அதற்குள் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் வெப்பத்தை ஏற்றிவிட்டிருக்கும். டர்போவின் வாயிலுள்ள ஒரு கேஸ்கெட்டை மறுபடி பயன்படுத்திய சிக்கனம் கன்வெர்ட்டரைத் தின்றுவிடும்.

*டர்போ பழுது, 38,000 கி.மீ.* புகை, விசில் சத்தம், பூஸ்ட் இல்லை. அதிகம் சர்ச்சைக்குள்ளாவது இந்தப் பழுதுதான். டர்போவைக் கழற்றிப் பார்ப்பவருக்கு அதன் பாகங்கள் நிறையச் சொல்லும். தண்டு நீலம் பாய்ந்து, பேரிங் கரைந்திருந்தால் எண்ணெய் போதவில்லை. பேரிங்கில் நுண்கோடுகள் இருந்தால் எண்ணெய் அழுக்கு. அமுக்கும் சக்கரத்தின் பின்முகம் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாகி இருந்தால், சக்கரம் தன் வேக எல்லையைத் தாண்டிச் சுழன்றிருக்கிறது. சிறிய டர்போக்கள் சாதாரணமாகவே நிமிடத்துக்கு 2,00,000 சுற்றுக்கு மேல் போகின்றன. அங்கே கூடுதல் வேகத்துக்கு இடம் கொஞ்சம்தான்.

ஆக்சில்-பேக் காரில் இந்த ஆரஞ்சுத் தோல் தென்பட்டால்கூட, காரணத்தை வேஸ்ட்கேட்டிலோ காற்றுவழிக் கசிவிலோதான் தேட வேண்டும். கேட்-பேக்கும் தனியாக டர்போவை அந்த வேகத்துக்குத் தள்ளாது, ஏனென்றால் இசியூ பூஸ்டைப் பிடித்து வைத்திருக்கிறது. இதை எழுத்தில் வாதிட முடியும், ஆனால் வாதிட வேண்டியிருக்கும். அதற்குள் கார் சில வாரங்கள் நிற்கலாம். கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப்பில் கதை வேறு. வழி முழுக்கத் திறந்துவிட்டதால், வேஸ்ட்கேட் முழுதாகத் திறந்தும் உபரி வாயுவை வெளியேற்ற முடியாமல் உயர் ஆர்பிஎம்மில் பூஸ்ட் தானாக ஏறும் நிலை வரலாம். ரீமேப்பில் பூஸ்டையே கூட்டியிருந்தால் மறுப்புக் கடிதம் தயாராகவே இருக்கும்.

*பின் பம்பரில் நிறம் மங்கல், பார்க்கிங் சென்சார் செயலிழப்பு, 9,000 கி.மீ.* சிறிய பழுதுதான். இருந்தும் ஆக்சில்-பேக் மாற்றியவர் தோற்கும் ஒரே இடம் இதுதான். புது வால் குழாய் பம்பரை ஒட்டி நின்றிருந்தால் செலவு அவருடையது; அதில் சர்ச்சைக்கு இடமில்லை.

ஏசி, மின்கண்ணாடி, ஸ்டீயரிங், திரை ஆகியவற்றின் காப்புக்கும் எக்ஸாஸ்டுக்கும் தொடர்பு இல்லை. தொடர்பு உண்டு என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

இசியூ மறப்பதில்லை

"சர்வீஸுக்கு விடும் முன் பழையதை மாட்டி, ரீமேப்பை எடுத்துவிட்டால் தெரியாது" என்ற யோசனையைப் பலர் வைத்திருக்கிறார்கள். செய்யக் கூடாதது அது. உண்மையை மறைத்துக் காப்பு கேட்பது மோசடி. செய்தாலும் பலிக்காது.

இசியூவில் இருக்கும் மென்பொருளுக்கு ஓர் அடையாள எண்ணும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்ணும் உண்டு. காரின் சோதனைச் சாக்கெட்டில் மாட்டும் ஓபிடி கருவியால் இரண்டையும் படிக்கலாம். ஒரு எழுத்து மாறினாலும் சரிபார்ப்பு எண் ஒத்துவராது. மென்பொருள் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கைப் பல இசியூக்கள் தனியே வைத்திருக்கின்றன; பழைய கோப்பைத் திருப்பி எழுதினால் அந்தக் கணக்கு இன்னும் ஒன்று கூடும், குறையாது. நிரந்தரக் குறியீடு என்று ஒரு வகை இருக்கிறது. அதைக் கருவியால் அழிக்க முடியாது, பழுது நீங்கியது என்று கார் தானே ஓடித் தெரிந்துகொண்டால்தான் போகும். குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரமும் பதிவில் இருக்கும். நேற்று அழித்த காரில் அது 12 கி.மீ. என்று காட்டும், கூடவே சுயசோதனைகள் பாதியில் நிற்கும். போதாக்குறைக்குக் கீழே பளபளக்கும் போல்ட் தலையும் புதுக் கேஸ்கெட்டும் இருக்கும். சில நிறுவனங்கள் மாற்றம் கண்ட காரின் எண்ணுக்கு எதிரே மையப் பதிவில் ஒரு குறியை இட்டுவிடும். பிறகு எந்த ஊர் சர்வீஸ் சென்டருக்குப் போனாலும் அது தெரியும்.

ரீமேப்பின் பாதிப்பு என்ஜினோடு நிற்பதில்லை. டார்க் கூடும்போது கிளட்ச், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் ஆகியவற்றின் காப்பும் அதோடு கேள்விக்குள்ளாகிறது. இந்தக் காரில் கிளட்ச் தாங்கும் அளவு தெரியாமல் டார்க்கைக் கூட்டுவது வேண்டாத சூதாட்டம். எக்ஸாஸ்ட் குழாயைவிட வாரண்டியை வேகமாகத் தின்பது இந்த மென்பொருள்தான்.

எடுத்த முடிவு

விதி 59 ஒப்புதல் பெற்ற ஆக்சில்-பேக், ரெசோனேட்டரும் அதற்கு முன்னாலுள்ள எதுவும் தொடப்படாது, ரீமேப் இல்லை. கூடுதல் இழுவை என்ற ஆசை வாரண்டி முடியும்வரை ஒத்திவைக்கப்படுகிறது. கார் நிறுவனமே தன் துணைப்பாகப் பட்டியலில் எக்ஸாஸ்ட் விற்றால், அதை அதன் சர்வீஸ் சென்டரிலேயே பொருத்தி பில்லில் கார் எண்ணோடு பதிந்துகொள்வது இதைவிடப் பாதுகாப்பானது. இந்தக் காருக்கு அப்படி ஒன்று இல்லை என்று வைத்துக்கொண்டோம்.

கேட்-பேக்கை ஒதுக்கியதற்கு வாரண்டி மட்டும் காரணமில்லை. இந்தக் கார் ஆறாவது கியரில் நெடுஞ்சாலை வேகத்தில் 2,400 ஆர்பிஎம்மில் ஓடுகிறது. நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு எரிப்பு. 2,400-ஐ 60-ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் 80 ஹெர்ட்ஸ். காரின் உள்கூடு எதிரொலிக்க விரும்பும் தாழ்ந்த அதிர்வெண்கள் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. தொழிற்சாலை ரெசோனேட்டரை எடுத்துவிட்டால் அந்த ஒற்றைச் சுருதி காதுக்குள் இரைந்துகொண்டே இருக்கும். பத்து நிமிடச் சோதனை ஓட்டத்தில் இனிமையாகத் தோன்றுவது மூன்று மணி நேரப் பயணத்தில் தலைவலி. பக்கவாட்டில் ஒருமுனை அடைத்த கிளைக்குழாய் வைத்து இதை அடக்கலாம். நீளம், ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவது. கிளைக்குள் நிற்கும் வாயு 150 டிகிரியில் இருந்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 412 மீட்டர்; நீளம் 1.29 மீட்டர். அதுவே 300 டிகிரி என்றால் 1.5 மீட்டர். இவ்வளவு நீளக் குழாயைத் தரைக்கும் எரிபொருள் டாங்குக்கும் இடையே வளைத்து வைக்க இடம் தேடுவதைவிட, இருக்கிற ரெசோனேட்டரைத் தொடாமல் விடுவது எளிது. கேபினுக்குள் மைக் வைத்து எதிர் ஒலியால் இரைச்சலை அடக்கும் அமைப்பு உள்ள கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: அது பழைய சைலன்சரின் சுருதிக்கு இசைக்கப்பட்டது.

பொருத்தும் முன்

வாரண்டிப் பிரிவுக்குக் கடிதமோ மின்னஞ்சலோ எழுத வேண்டும். "வாரண்டி போகுமா?" என்று கேட்டால் "போகும்" என்றுதான் வரும், அப்படிச் சொல்வது அவர்களுக்குப் பாதுகாப்பு. கேள்வி இப்படி இருக்கட்டும்: "பின் அச்சுக்குப் பின்னாலுள்ள சைலன்சரை விதி 59 ஒப்புதல் பெற்ற பாகத்தால் மாற்றினால், எந்தெந்தப் பாகங்களின் காப்பு, எந்த விதியின்படி பாதிக்கப்படும்?" கார் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்ட மாற்றம் விபத்துக் கோரிக்கையில் வந்து நிற்கும்.

பிறகு காரின் இன்றைய நிலையைப் பதிவுசெய்வது. ஓடோமீட்டர் தெரியும்படி படம், அடிப்பாகத்தின் படங்கள், ஓபிடி கருவியில் குறியீடு எதுவும் இல்லை என்பதற்கான அறிக்கை, மென்பொருள் எண், சரிபார்ப்பு எண், ஐடிலிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் ஃப்யூயல் ட்ரிம். முடிந்தால் ஓசை அளவும்: வால் குழாயின் முனையிலிருந்து 0.5 மீட்டர் தூரத்தில், 45 டிகிரி கோணத்தில், குழாயின் உயரத்திலேயே மீட்டரை வைத்து. 5,000-க்கும் 7,500-க்கும் இடையில் உச்சச் சக்தி தரும் என்ஜின் என்றால் 3,750 ஆர்பிஎம்மில் சற்று நிறுத்தி, பிறகு ஆக்சிலரேட்டரை விட வேண்டும்.

பொருத்துதல்

இந்தக் காரில் ஒரு தடை இருக்கிறது: கன்வெர்ட்டருக்குப் பின்னாலிருந்து வால் வரை ஒரே துண்டு. இப்படி வரும் கார்கள் இப்போது அதிகம். வெட்டித்தான் ஆக வேண்டும். பல கார்களில் பின்னாளில் சைலன்சர் மட்டும் மாற்ற வசதியாகத் தொழிற்சாலையே வெட்டும் இடத்தைப் புள்ளி அமுக்கியோ கோடிட்டோ குறித்திருக்கும். அங்கேயே வெட்டினால் பின்னால் ஸ்லீவ் கிளாம்ப் (இரு குழாய் முனைகளையும் சேர்த்துக் கவ்வும் உறை) போட்டுப் பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டலாம். வேறு இடத்தில் வெட்டினால் பழையதற்குத் திரும்பும் வழி அடைபடும்.

வேலை தொடங்கும் முன் குழாய் முழுதாக ஆறியிருக்க வேண்டும். காரை லிஃப்டிலோ, ஜாக் ஸ்டாண்ட் நான்கிலோ நிறுத்த வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது. குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பரைச் சோப்புத் தண்ணீர் தடவிக் கழற்றலாம்; எண்ணெயும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும். வெட்டும்போது முன்பகுதியைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஸ்டாண்ட் வேண்டும். இல்லையென்றால் எடை முழுதும் ஃபிளெக்ஸ் பைப்பில் தொங்கி அதன் பின்னல் கிழியும். அது காப்பில் இருந்த பாகம்.

வெட்டிய விளிம்பின் பிசிறை உள்ளும் புறமும் தேய்த்து எடுத்து, ஸ்லீவுக்குள் குழாய் குறைந்தது 40 மி.மீ. நுழையும்படி வைத்து, கிளாம்பைக் கையால் மட்டும் இறுக்கி நிறுத்த வேண்டும். எல்லா ஹேங்கரும் மாட்டி, குழாய் தானாகத் தொங்கும் நிலைக்கு வந்தபின்தான் கடைசி இறுக்கம். கிளாம்ப் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கை மீறினால் குழாய் நசுங்கி, அங்கேயே கசியும். மூட்டில் சிலிக்கோன் பசை தடவும் பழக்கம் வேண்டாம். சென்சாருக்கு முன்னால் பூசினால் சில வகைப் பசைகளின் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும். வெல்டிங் செய்வதாக இருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வ வேண்டும். என்ஜினில் மாட்டினால் மின்னோட்டம் இசியூவைத் தேடிப் போகும்.

இடைவெளியில்தான் பலர் தவறுகிறார்கள். தொழிற்சாலைக் குழாய் பெரும்பாலும் 409 வகை ஸ்டெயின்லெஸ். மாற்றுக் குழாய் 304. துரு பிடிக்காமல் நிற்பதில் 304 மேல், ஆனால் சூட்டில் அதிகம் நீளும். 1.5 மீட்டர்க் குழாய் 400 டிகிரி சூடேறினால் 409 ஏறத்தாழ 7 மி.மீ. நீளும், 304 ஏறத்தாழ 10 மி.மீ. ஆறிய நிலையில் பம்பர் வெட்டில் அழகாகப் பொருந்திய வால் குழாய், ஓடிச் சூடானதும் பின்னால் தள்ளி பம்பரைத் தொடுவது இதனால்தான். எல்லாப் பக்கமும் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி வைக்க வேண்டும். கழற்றிய வெப்பத் தடுப்புத் தகடுகளை ஒன்று விடாமல் திரும்ப மாட்ட வேண்டும். அவற்றின் பின்னால் இருப்பது பிளாஸ்டிக் எரிபொருள் டாங்க், பிரேக் குழாய், ஏபிஎஸ் வயர்.

கசிவைக் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே பார்க்க வேண்டும். ஒருவர் கையுறையோடு துணியால் வால் குழாயைச் சில விநாடி பாதி அடைக்க, இன்னொருவர் மூட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். அடைக்கப்பட்ட இடத்தில் இதைச் செய்யக் கூடாது; கார்பன் மோனாக்சைடு.

100 முதல் 150 கி.மீ. ஓடிய பின், பலமுறை சூடேறி ஆறியபின், கிளாம்பை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். 1,000 கி.மீ.யில் பம்பரின் உள்பக்கம், ஹேங்கர் ரப்பர், தகடுகளில் உரசல் தடம் ஆகியவற்றையும், ஃப்யூயல் ட்ரிம் பழைய எண்ணிலேயே இருக்கிறதா என்பதையும் பார்த்து, அந்த அறிக்கையையும் முதல் கோப்போடு சேர்க்க வேண்டும். நார் அடைத்த சைலன்சர் என்றால் நார் நாளடைவில் எரிந்து பறந்து ஓசை கூடும். ஆண்டுக்கு ஒருமுறை அதே 0.5 மீட்டர் தூரத்தில் அளந்து முதல் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

கழற்றிய பழைய சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும். சாய்த்து வடியவிட்டு, உலர்த்தி, இரு வாயையும் துணியால் அடைத்து, தரையில் படாமல் வைக்க வேண்டும். அதன் ஹேங்கர் ரப்பர்களும் கூடவே இருக்கட்டும். காரை விற்கும் நாளிலும், புகைச் சோதனையிலோ ஓசைச் சோதனையிலோ ஆட்சேபம் வரும் நாளிலும், ஒரு ஸ்லீவ் கிளாம்பும் ஒரு மணி நேரமும் இருந்தால் கார் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும்.